சுவரில் இறந்து கிடக்கும் சிற்றீ எது?

குளியலறைச் சுவரில் எள்ளளவே உள்ள சாம்பல் நிறப் பூச்சியொன்று ஒட்டியபடியே இறந்து கிடப்பதை நாம் பலமுறை கண்டிருப்போம். கொசு என்றெண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. கறையான் என அஞ்சுவோரும் உண்டு. பூச்சி இன்னதென அறியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவே.

இதற்குத் தோட்டப்புற வரலாற்றிலேயே சான்றிருக்கிறது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைத் தணித்தார். மலைப்பாங்கான இரப்பர்த் தோட்டங்களிலோ அம்முறை பலிக்கவில்லை. அங்கு நோய் பரப்பிய கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. வெட்டிய திறந்த கால்வாய்களே அதற்கு வசதியாயின! நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளிப்புமே பின்னர் அங்குக் கைகொடுத்தன.

இனி நம் சுவருக்கு வருவோம். இறந்த பூச்சியை நசுக்காமல் வெள்ளைத் தாளில் இறக்கிப் பூதக்கண்ணாடியால் நோக்குக. முதலில் சிறகுகளை எண்ணவேண்டும். ஈசலுக்கும் சிறகுள்ள எறும்புக்கும் நான்கு. கொசு உட்பட ஈயினத்திற்கு இரண்டே. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு குமிழ்கள் மட்டும் இருக்கும். இரு சிறகே இருந்து, உடலும் சிறகும் அடர்ந்த மயிரால் மூடப்பட்டு, சிறகுகள் கூரைபோல் சாய்ந்திருந்தால் அது 'அந்து ஈ'. அரிசியில் காணும் அந்துப்பூச்சியின் சாயல் உள்ளதால் இப்பெயர். நீளம் 2 முதல் 5 மில்லிமீட்டர். விரலால் தேய்த்தால் சாம்பல் தூளாக உதிரும்.

இது கடிப்பதில்லை, டிங்கியும் பரப்புவதில்லை. எனினும் பிறப்பிடம் அசுத்தமானதாகையால் கிருமிகளை உடலில் சுமந்து வரக்கூடும். இறந்தவற்றின் தூள் சிலருக்கு இழுப்பு நோயைத் தூண்டுவதும் உண்டு.

நீர்போக்குத் துளையின் உட்புறத்தில் படியும் வழவழப்பான பாசியே இதன் தொட்டில். முட்டை ஈயாவதற்குச் சுமார் இரண்டு மூன்று வாரம் போதும். ஐயமிருப்பின், இரவில் துளையின் வாய்க்குக் குறுக்கே பசை நாடாவைப் பசைப்பக்கம் கீழ்நோக்க, இருபுறமும் இடைவெளி விட்டு ஒட்டிவைக்கலாம். காலையில் ஈக்கள் ஒட்டியிருந்தால் பிறப்பிடம் அதுவே. வெந்நீரை ஊற்றினால் மட்டும் புழுக்கள் அழிந்துவிடா. பாசி அவற்றைக் காக்கும். நீண்ட தூரிகையால் பாசியைச் சுரண்டி எடுப்பதே வழி. லயத்து வீடுகளில் கால்வாய் பொதுவாகையால், ஒரு வீட்டார் மட்டும் தேய்த்துப் பயனில்லை. பக்கத்து வீட்டாரும் சேர வேண்டும்.

ஜுருவைப் போன்று கடலோரச் சதுப்பை அடுத்த ஊர்களில் ஒரு குழப்பம் நேரலாம். அந்தியிலும் விடியலிலும் சுருக்கெனக் கடிக்கும் 'அகாஸ்' பூச்சியும் இருசிறகுடைய ஈயினமே. ஆனால் அதனினும் சிறியது. அடர்ந்த மயிர் இல்லாதது. ஈரச் சேற்றில் வளர்வது. குளியலறையை எத்தனை முறை தேய்த்தாலும் அது குறையாது. நுண்ணிய வலையும் முழுக்கைச் சட்டையுமே காப்பு. எது என்று தெளியாவிடின், பூச்சியைத் தீப்பெட்டியில் பஞ்சின்மேல் வைத்துச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டலாம். பசை நாடாவோடு கொண்டு சென்றால் மயிர் உதிர்ந்து அடையாளம் கெட்டுவிடும்.