லினக்ஸ் களஞ்சியத்தில் விளையாட்டுக்களைச் சேர்க்கும் முறை

விளையாட்டு என்றவுடன் கற்றோர் சிலர் முகஞ் சுளிப்பர்; படிப்புக்குப் பகையென்று அதனை ஒதுக்குவாரும் உளர். ஆயினும், கணினித் துறையில் ஒரு விளையாட்டைப் பொதுக் களஞ்சியமொன்றிற் சேர்ப்பதென்பது, ஏட்டுச் சுவடியொன்றை ஆராய்ந்து பதிப்பிப்பதற்கு ஒப்பான உழைப்பையும் நேர்மையையும் வேண்டி நிற்பதொரு காரியமாம். தமிழ் கற்கும் யான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். கணினிப் பகுதியார் எழுதியிருப்பின் இக்கட்டுரை இன்னும் செம்மையாக அமைந்திருக்கும் என்பார்க்கு யான் மறுப்புரையேன். அவர்கள் எழுதாமையின் யான் எழுதலாயினேன்.

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்வோம். லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இயற்றத் தொடங்கிய இயங்குதளக் கரு. அக்கருவைச் சுற்றிப் பல்லாயிரம் மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று முரணாது இசையுமாறு அமைத்துக் கொடுப்பதை வழங்கல் என்பர். வழங்கலில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். இத்தகைய வழங்கல்களுள் மூத்தவற்றுள் ஒன்று, 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஐயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பில் ஏறக்குறைய 70,000 பொதிகள் உள்ளன. இவற்றைக் கட்டுவோர் உலகெங்கும் பரந்திருக்கும் தன்னார்வலர். விளையாட்டுக்களுக்கென்றே அவர்களுள் ஒரு தனிக் குழு உண்டு. சதுரங்கம், சீட்டு, பலகையாட்டம், புதிர், கல்வி என விளையாட்டுக்களை இனம் பிரித்தும் வைத்திருக்கின்றனர். கணினியினுள்ளும் 'கேம்ஸ்' என்னும் பெயரால் அவற்றுக்குத் தனிக் கோப்பகம் ஒன்று தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தார் சென்னையிலிருந்து உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளம் டெபியனையே அடிப்படையாகக் கொண்டது. பள்ளிகளுக்கென அவர்கள் ஆக்கிய 'எடுபாஸ்' என்னும் வகையில் கல்வி விளையாட்டுக்களும் அடங்கியுள்ளன. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசினர் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் இப்பாஸ் இடம்பெற்றது. ஆகவே, எங்கோ ஒருவர் டெபியனிற் சேர்க்கும் ஒரு விளையாட்டு, பாஸ் வழியாகப் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுச் சிறுமியின் கைக்கும் வந்து சேரக்கூடும். அவ்வாறு வருவது விளம்பரம் காட்டாது, காசு கேளாது, இணையம் இல்லாத வீட்டிலும் நடக்கும். ஆடுவோரைப் பற்றிய செய்தியை மறைவாகத் தன் ஆசிரியனுக்கு அனுப்பும் பகுதி ஏதேனும் இருப்பின், பொதி கட்டுவோர் அதனைக் கண்டு நீக்குவதும் உண்டு. பணம் வைத்தாடும் இணையச் சூதினால் குடிகள் கெட்டமையின் 2023-இல் தமிழ்நாட்டிலும், 2025-இல் நாடு முழுமைக்கும் தனிச் சட்டங்கள் வேண்டியிருந்தன என்பதை நேயர்கள் அறிவர். சட்டம் தீய விளையாட்டைத் தடுக்கும். நல்ல விளையாட்டைத் தந்துவிடாது. அதனை யாரேனும் ஆக்கிக் கொணர்ந்து வைத்தல் வேண்டும்.

இனி முறைக்கு வருவோம். டெபியனின் முதற்கேள்வி, 'இவ்விளையாட்டு நன்றாயிருக்கிறதா?' என்பதன்று; 'இது கட்டற்றதா?' என்பதே. 1997-ஆம் ஆண்டு ஜூலையில் டெபியனார் ஏற்றுக்கொண்ட நெறிமுறையின்படி, ஒரு மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் பார்க்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்குக் கொடுக்கவும், விலைக்கு விற்கவுங்கூட உரிமை இருத்தல் வேண்டும். 'வாணிகத்துக்கு ஆகாது' என்று ஒரு வரி உரிமத்தில் இருப்பினும் அது தலைமைப் பகுதியாகிய 'மெயின்' என்பதில் இடம்பெறாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் காந்தி சாலையிற் கணினி நிலையம் வைத்திருப்பவர் அவ்விளையாட்டைத் தம் கணினிகளில் நிறுவலாமா என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்க வேண்டுமாயின், அதனைப் பொதுச்சொத்து என்பது எங்ஙனம்?

விளையாட்டுக்களில் இக்கேள்வி இரட்டிக்கின்றது. ஏனைய மென்பொருள்களில் நிரல் ஒன்றே பெரும்பாலும் உடல்; விளையாட்டிலோ நிரல், படம், இசை, எழுத்துரு, கதை எனப் பல உறுப்புக்கள் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் ஆசிரியன் வேறு, உரிமை வேறு. இதனை நம் ஊர்த் தறியைக் கொண்டு விளக்கலாம். தறி ஒன்று, அதன்மேல் ஏற்றும் ஜக்கார்டு அட்டைகள் வேறு. அட்டையை மாற்றினால் அதே தறியில் மயிலும் வரும், மாங்காயும் வரும். தறி தம்முடையதாயினும், பிறர் வரைந்த கோலத்தின் அட்டையைக் கேளாமல் எடுத்தேற்றுதல் முறையாகாது.

1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் கதை இத்தகையதே. அதனை ஆக்கியோர் 1997 டிசம்பரில் அதன் நிரலை வெளியிட்டனர். 1999-இல் அதனை ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமத்தின் கீழும் கொணர்ந்தனர். ஆனால் படங்களும் ஒலிகளும் தளவரைவுகளும் அவ்வாறு விடுவிக்கப்படவில்லை. தறி கிடைத்தது, அட்டை கிடைக்கவில்லை. பின்னர் 'ஃப்ரீடூம்' என்னும் பெயரால் தன்னார்வலர் பலர் கூடி அவ்வுறுப்புக்களையெல்லாம் புதிதாக ஆக்கினர்; அவை இன்று டெபியனில் உள்ளன. 'வார்ஸோன் 2100' என்பதும் 1999-இல் விலைக்கு விற்கப்பட்ட விளையாட்டே. 2004 டிசம்பரில் அதன் நிரல் விடுவிக்கப்பட்டபொழுது இசையும் காட்சிப்படங்களும் புறத்தே நின்றன. பழைய விளையாட்டின் வட்டினை விலைகொடுத்து வாங்கி வைத்திருப்போர், அதிலிருந்து தம் பயன்பாட்டுக்கு மட்டும் பொதி கட்டிக்கொள்ளவும் டெபியனில் ஒரு கருவி உண்டு. அதனை 'காண்ட்ரிப்' என்னும் புறப்பகுதியில் வைத்திருக்கின்றனர். கருவி கட்டற்றதாயினும் அது தொட்டு வேலை செய்யும் பொருள் கட்டற்றதன்று என்பது கருத்து. இத்துணை நுணுக்கமான நேர்மையை விளையாட்டுக்களின் பொருட்டுக் கைக்கொள்ளுதல் எனக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

இனி, நம் கல்லூரி மாணவர் ஒருவர் பல்லாங்குழியைக் கணினி விளையாட்டாக இயற்றினார் என வைத்துக்கொள்வோம். ஒருபுறம் ஏழாகப் பதினான்கு குழிகள். நான்கு முத்துக்கள் சேர்ந்த குழி பசு. விதிகள் ஊருக்கூர் வேறுபடும். அவற்றுள் எதனை முதலில் வைப்பது என்பதற்கே வீட்டிலுள்ள பாட்டிமாரிடை வழக்கு நேர்தல் திண்ணம். அது நிற்க. திரைப்படப் பாட்டொன்றைப் பின்னணியில் வைத்தாராயின் வேலை அங்கேயே நின்றுவிடும். இணையத்தில் அகப்பட்ட கோபுரப் படமொன்றை ஒட்டினாலும் அவ்வாறே. புளியங்கொட்டை குழியில் விழும் ஒலியைத் தாமே பதிவு செய்து, குழிப்பலகையைத் தாமே வரைந்து, அவ்வரைவின் திருத்தத்தக்க மூலக்கோப்பையும் உடன்வைத்து, இன்ன உரிமத்தின் கீழ் வெளியிடுகிறேன் என்று தெளிவாக எழுதிவிடின் தடையில்லை.

பின்னர் இவ்விளையாட்டைத் தாம் பொதியக் கருதியிருப்பதாக டெபியனின் பொதுப் பதிவேட்டில் அறிவித்தல் வேண்டும்; ஒரே வேலையை இருவர் அறியாது செய்யாமைப்பொருட்டு இவ்விதி. அதன்மேற் பொதி கட்டுதல். காஞ்சிப் பட்டு நெய்வோர் பட்டுப்புழு வளர்ப்பதில்லை. கச்சாப்பட்டு கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அதுபோல விளையாட்டும் படம் வரையவும் ஒலி எழுப்பவும் 'எஸ்.டி.எல்.' முதலிய பொது நிரலகங்களைச் சார்ந்தே நிற்கும். அந்நிரலகங்களின் படியைத் தன் பொதிக்குள்ளே அடைத்துக்கொண்டு வருதல் டெபியனிற் பிழையாகக் கருதப்படும். பொதுவில் உள்ளதையே பயன்படுத்துதல் வேண்டும். அங்கு ஒரு குறை திருத்தப்பட்டால் சார்ந்த யாவும் பயன்பெறும் அன்றோ? மேலும், விளையாட்டின் நிரல் ஒரு பொதியாகவும், படமும் ஒலியுமாகிய உறுப்புக்கள் மற்றொரு பொதியாகவும் பிரிக்கப்படுவது வழக்கம். '0 ஏ.டி.' என்னும் பெருவிளையாட்டு இவ்வாறே இரண்டாக நிற்கின்றது. நிரலைப் பொறிவகைதோறும் தனித்தனியே தொகுக்க வேண்டும். படத்துக்கு அது வேண்டா, ஒரு படியே எல்லாப் பொறிக்கும் போதும்.

பொதியோடு செல்லும் குறிப்புக் கோப்புக்களைப் பார்த்தபொழுது எனக்கு நன்னூலாரின் சிறப்புப் பாயிர இலக்கணம் நினைவுக்கு வந்தது. அவர் கூறும் எட்டனுள் ஆறு இங்கே அப்படியே அமைந்திருக்கின்றன. நூற்பெயர் பொதியின் பெயர். ஆக்கியோன் யார் என்பதற்குத் தனி வரி. கட்டியவர் யார் என்பதற்கு மற்றொன்று. வழி என்பது மூலநிரல் எங்கிருந்து பெறப்பட்டது என்னுங் குறிப்பு. எல்லை என்பது எவ்வெப் பொறிகளில் இயங்கும் என்பது. நுதலிய பொருள் சுருக்க விளக்கமாம். யாப்பு என்பதற்கு, இன்னது கேட்டபின் இன்னது கேட்கத்தகும் என்னும் இயைபென உரைகாரர் பொருள் கூறுவர். இன்ன பொதி நிறுவப்பட்ட பின்னரே இது நிறுவத்தகும் என்னுஞ் சார்புப் பட்டியல் அதுவேயன்றோ? கேட்போர், பயன் என்னும் இரண்டுக்கும் நேரான இடம் அங்கில்லை. இவற்றினும் முதன்மையானது 'காப்பிரைட்' என்னுங் கோப்பு. பொதியிலுள்ள ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எவ்வுரிமத்தது என அதிற் குறிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான படங்கள் உள்ள விளையாட்டுக்கு இதுவே பெருஞ்சுமை. நிரலை எழுதிய காலத்தினும் இதற்குச் செல்லுங் காலம் மிகுதியாதலும் உண்டு.

டெபியனின் உறுப்பினரல்லாதார் தாமாகவே பொதியை ஏற்ற இயலாது. உறுப்பினரொருவர் அதனை ஆராய்ந்து தம் பொறுப்பில் ஏற்றுவர். புதுப்பொதியாயின் களஞ்சியக் காப்பாளர் மறுபடியும் ஆராய்வர். இது ஓர் அரங்கேற்றம். கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்தை நம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபொழுது, முதற்செய்யுளின் தொடக்கத்திலேயே ஒரு புணர்ச்சிக்கு விதி எங்கே என்று தடை எழுந்ததாகவும், வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பின்னரே நூல் மேற்சென்றதாகவும் செவிவழிச் செய்தி கூறும். களஞ்சியக் காப்பாளர் எழுப்பும் தடையும் இவ்வகையினதே. 'இவ்வெழுத்துருவுக்கு உரிமம் எங்கே?' என்பர், காட்டினால் மேற்செல்லும், காட்டாவிடின் திரும்பி வரும். நூல் இனிமையானதென்று சொல்லி அத்தடையைக் கடத்தல் இயலாது.

ஏற்கப்பட்ட பொதி பல வகைப் பொறிகளுக்கும் தானே தொகுக்கப்படும். 13-ஆம் பதிப்புக்கு இவ்வகை 7. இவற்றுள் ஒன்று ஐ.பி.எம். நிறுவனத்தாரின் பெருங்கணினி. வங்கிக் கணக்குப் பார்க்கும் அப்பெரும்பொறியில் அமர்ந்து பல்லாங்குழி ஆடுவார் எவருமிலர், எனினும் தொகுப்பர். நகையாடற்குரியதாகத் தோன்றினும் இதிற் பயன் உண்டு. அப்பொறி எண்களைப் பைட்டு வரிசை மாற்றி வைப்பதாகலின், நம் கணினியில் மறைந்து கிடந்த நிரற்பிழை அங்கே வெளிப்படும்.

தமிழராகிய நமக்கென ஒரு தனி இடர் உண்டு. பழைய விளையாட்டுக்கள் பல, எழுத்தை ஒவ்வொன்றாக வரிசையிற் படமாக ஒட்டும் முறையின. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ 'கெ' என்பதில் மெய்க்குப் பின்னர்ச் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னர்த் தோன்ற வேண்டும். 'கொ' என்பதில் இருபுறமும் குறி வேண்டும். இதனைச் செவ்வனே அமைக்க 'ஹார்ஃப்பஸ்' போன்ற எழுத்தமைப்பு நிரலகம் வேண்டும். அது இல்லாத விளையாட்டில், மொழிபெயர்ப்பு எத்துணை அழகாக இருப்பினும் திரையில் கொம்புகள் சிதறிக் கிடக்கும். இவ்விடத்தில் பொதி கட்டுவோர் ஒரு திருத்தம் எழுதி மூல ஆசிரியனுக்கே அனுப்பிவைத்தல் நன்மரபு. தம் பொதியில் மட்டும் வைத்துக்கொண்டால் பிற வழங்கல்களை ஆள்வோர்க்குப் பயனில்லை. தமிழ்ப் பகுதி மாணவர் செய்யத்தக்க வேலை இங்கேதான் உளது. நிரல் அறியாதாரும் மொழிபெயர்க்கலாம், திரையிற் பிழையைக் கண்டு பதிவு செய்யலாம், பல்லாங்குழியின் ஊர்வழக்குகளைத் திரட்டித் தரலாம்.

உதவிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2006 நவம்பர் முதல் நம் ஊரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்பது கட்டற்ற மென்பொருளைப் பரப்பி வருகின்றது. சேருவதற்குக் கட்டணம் இல்லை. ஏற்கப்பட்ட பொதி முதலில் நிலையாப் பிரிவில் இருந்து, சில நாட்களில் குறையொன்றும் காணப்படாவிடின் சோதனைப் பிரிவுக்குச் சென்று, அடுத்த பதிப்பு வெளிவரும்பொழுது நிலைத்த பிரிவில் அமரும். 12-ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒன்று. பதிப்புக்குச் சில மாதங்கள் முன்னரே புதுப்பொதிகளுக்குக் கதவடைத்துவிடுவராதலின், முதலாண்டு மாணவர் எவரேனும் இதிற் புகுவாராயின், காப்பிரைட் கோப்பை இறுதியில் எழுதிக்கொள்ளலாம் என்று விடாது, முதற்படத்தை வரையும் நாளிலேயே தொடங்குவாராக.