150 சதவீதம் எப்படி வந்தது?



புள்ளியியல் பாடம் நடந்தபோது, நம் பள்ளியில் யார் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து, பட்டை விளக்கப்படம் வரையச் சொன்னார்கள். நம் கும்மிடிப்பூண்டி பக்கம் மொழிக்கா பஞ்சம்? தமிழ் உண்டு. ஆந்திரா எல்லை என்பதால் தெலுங்கு உண்டு. சிப்காட் வேலைக்கு வந்த குடும்பங்களால் இந்தி, ஒடியாவும் உண்டு.

போன வருஷம் அக்காமார் எடுத்த கணக்கில் இந்தி பேசுபவர்கள் 6 பேர். நான் எடுத்ததில் 15 பேர். 'ஒரே வருஷத்தில் 150 சதவீதம் உயர்வு!' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். எல்லாரும் பார்க்கணும் என்று எனக்கு ஆசை.

பார்த்தார்கள். குழாயடியில், "இப்படியே போனா இது அவங்க ஸ்கூல் ஆயிடும்" என்று சிலர் பேசினார்கள். மதியம் என்னோடு சாப்பிடும் பீகார் தோழி அன்று தனியாக உட்கார்ந்தாள். "நாங்க ஜாஸ்தியா இருக்கோமா?" என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளே ஒன்றும் சொன்னாள். "போன வருஷம் நீங்க எண்ணினப்ப நாங்க சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தோமே!" வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். அன்று 8 பேர் வரவில்லை. ஆக, போன வருஷம் 14, இந்த வருஷம் 15. உயர்வு சுமார் 7 சதவீதம்தான். கூடின அந்த ஒருத்தி, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அவள் தங்கை!

இதே மாதிரி நம் நாட்டுக் கணக்கிலும் நடந்தது என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மத விவரம் 2004 செப்டம்பரில் வெளியானது. பத்து வருஷத்தில் முஸ்லிம் மக்கள் 36 சதவீதம் கூடியதாகச் செய்தி பரவியது. ஆனால் 1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தது. அங்கே முஸ்லிம்கள் அதிகம். முன்பு எண்ணாதவர்களைப் பின்பு சேர்த்ததால் உயர்வு பெரிதாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்தால் சுமார் 29 சதவீதம்தான். முந்தைய பத்து வருஷத்தில் இது சுமார் 33. அதாவது, வேகம் குறைந்திருந்தது! சரியான எண்ணையும் உடனே சொன்னார்கள். ஆனால் 36தான் பலர் வாயில் நின்றது. பயமும் சண்டையும் அதை வைத்தே வளர்ந்தன.

அப்படியானால் கணக்கே எடுக்க வேண்டாமா? வேண்டும். எங்கே பள்ளி வேண்டும், யாருக்கு உதவி சேரவில்லை என்று எண்ணாமல் எப்படித் தெரியும்? அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுசாக வெளியிட்டதில்லை. அந்த எண்கள் வரும்போது நாம் மூன்று கேள்வி கேட்போம்:

1. எதோடு ஒப்பிடுகிறார்கள்?
2. யாராவது விடுபட்டார்களா?
3. இதைச் சொல்பவர் உதவி செய்யச் சொல்கிறாரா, பயமுறுத்தச் சொல்கிறாரா?

சிவப்பு மை எழுத்தைக் கிழித்துவிட்டு, புதுப் படம் ஒட்டிவிட்டேன். ஆனால் குழாயடியில் பேசினவர்கள் அதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

தோழி மறுபடி என் பக்கத்தில்தான் சாப்பிடுகிறாள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி