கடலை அளந்த வாளி

கடலில் என்றோ வீசிய காற்றுக்கு மாலுமிகளின் குறிப்பேடுகளே சான்று. காற்றின் திசை, வலிமை, கடல்நீரின் வெப்பம் ஆகியவற்றை எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் பதிய வேண்டும் என்று 1853ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் கூடிய பத்து நாடுகளின் பேராளர்கள் முடிவெடுத்தனர். அமெரிக்கக் கடற்படை அலுவலர் மேத்யூ மௌரி அதற்கு முன்னின்றார். பல நாட்டுக் குறிப்பேடுகளைத் தொகுத்தே ஆய்வாளர்கள் அக்காலக் கடலின் நிலையை இன்று மீட்டுருவாக்குகின்றனர்.

எனினும், எண்களை மட்டும் பகிர்வது போதாது. 1945இன் பிற்பகுதியில் உலகின் சராசரி வெப்பநிலை திடீரென ஏறத்தாழ 0.3 பாகை செல்சியசு குறைந்ததாகப் பதிவுகள் காட்டின. நிலப்பகுதிப் பதிவுகளிலோ அவ்வீழ்ச்சி இல்லை. உண்மையில் கடல் குளிரவில்லை, அளந்தவர்கள் மாறியிருந்தனர். போர்க்காலப் பதிவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களுடையவை. அவை எந்திர அறைக்குள் இழுக்கப்பட்ட நீரை அளந்தன. அந்நீர் அங்குச் சற்றே சூடேறும். போர் முடிந்தபின் பிரித்தானியக் கப்பல்களின் பதிவுகள் பெருகின. அவற்றில் வாளியால் முகந்த நீரே அளக்கப்பட்டது. வாளிநீர், மேலே தூக்கும்போதே ஆவியாதலால் குளிர்ந்துவிடும். எந்த அளவீடு எந்நாட்டுக் கப்பலுடையது என்னும் சிறு குறிப்பும் பொதுத் தொகுப்பில் இடம்பெற்றிருந்ததால்தான், 2008இல் ஆய்வாளர்களால் இப்பிழையைக் கண்டறிய முடிந்தது.