விளம்பரத்துக்கு முன்னால் பெயரேடு

இராஜாக்கமங்கலம் பக்கம் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வத்தலும் வீட்டில் போட்டு விற்கிற பிள்ளைகள், ஈத்தாமொழித் தேங்காயை ஆட்டி எண்ணெய் விற்கிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது பேஸ்புக் விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகும் என்றுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், மக்களே.

1. வாங்கியவர் பெயர், போன் நம்பர், ஊர், பொருள், கடைசியாக வாங்கிய தேதி. இந்த ஐந்தும் முதல் நாளிலிருந்தே கூகுள் ஷீட்டில் ஏற வேண்டும், ஆளுக்கு ஒரு வரி. நம் கடற்கரையில் சேவியரும் மேரியும் தெருவுக்கு நாலு பேர். அதனால் ஆளை நம்பரை வைத்துத் தேடுங்கள். ஷீட் கடையின் ஜிமெயிலில் இருக்கட்டும், வேலைக்கு நிற்கிற பையனின் கணக்கில் வேண்டாம்.

2. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். மஸ்கட்டில் இருக்கும் மகன் பணம் போடுவான். பொட்டலம் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போகும். இரண்டு நம்பரையும் ஒரே வரியில் எழுதுங்கள். மகன் நம்பருக்கு முன்னால் 968 என்ற நாட்டு எண் சேர்க்காவிட்டால் வாட்ஸ்அப்பில் அவன் வரமாட்டான். அம்மா கையில் பொட்டலம் கிடைத்ததும் அவனுக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆர்டர் அவனிடமிருந்துதான் வரும். லீவுக்கு எந்த மாதம் வருவான் என்பதையும் கேட்டுக் குறியுங்கள். திரும்பிப் போகும்போது பெட்டியில் வைக்க இரண்டு கிலோ வத்தலாவது கேட்பான்.

3. வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்தது, செயலிக்குக் காசில்லை. அதில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். பலருக்கு இது தெரியாது. அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். பில் போடும்போதே சொல்லுங்கள்: “நம்பரை சேவ் பண்ணிக்கிடுங்க, ஓணத்துக்கு விலை அனுப்புதேன்.” களியக்காவிளைக்கு அப்பாலுள்ளவர்களுக்கு மலையாளத்தில் அனுப்புங்கள்.

4. கூகுள் மேப்பில் கடையைப் பதிய கட்டணம் இல்லை. இராஜாக்கமங்கலமும் இராஜாக்கமங்கலம் துறையும் வேறு வேறு ஊர். புள்ளியை நீங்களே கடைவாசலில் நின்று சரிபாருங்கள்.

5. விலைக்கு வருகிற நம்பர் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. நம்பர் எதற்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் நல்ல வாடிக்கையாளரே பிளாக் செய்துவிடுவார்.

6. இத்தனையும் ஆனபிறகு விளம்பரம். முதலில் நாகர்கோவில் வரைக்கும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரிடம் “எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?” என்று கேட்டு, பதிலை ஷீட்டில் ஆறாவது கட்டத்தில் போடுங்கள். ஒரு வாரத்தில் அந்தக் கட்டத்தில் பேஸ்புக் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்காவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்கு முந்திரிக்கொத்து சாம்பிள் கொடுத்து அனுப்புங்கள்.