இனிய ஓசையும் மன அமைதியும்



மேடவாக்கம் சாலையில் வண்டிகளின் ஹாரன், மீனம்பாக்கத்து விமானங்களின் இரைச்சல், அண்டை வீட்டுத் தொலைக்காட்சி: இவற்றின் நடுவே குடியிருக்கும் கீழ்க்கட்டளைவாசிகள் ஓய்வை நாடுவதில் வியப்பில்லை. மழையோசையையும் அலையோசையையும் கைபேசியில் ஒலிக்கவிட்டு உறங்குகிறவர்கள் நம்மில் உண்டு. அது நல்லதே, ஆயினும் முறையறிந்து செய்தல் வேண்டும்.

1. மழையோசை ஏன் மனதை ஆற்றுகிறது?

திடீரென்று எழும் ஓசை கேட்டதும், ஆபத்தோ என்று உடல் விழித்துக்கொள்ளும். மழையோசையோ ஒரே சீரானது. அஞ்சுவதற்கு ஒன்றுமில்லையென்று மனம் அடங்குகிறது. மற்றச் சிறு ஓசைகளும் அதில் மறைந்துபோகின்றன.

2. குழந்தைகளுக்கு இது தகுமா?

இங்கே எச்சரிக்கை வேண்டும். கனடா தேசத்து டொராண்டோ நகர மருத்துவர்கள், குழந்தைகளை உறங்கவைக்கும் 14 ஒலிக்கருவிகளைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவமனைகளில் சிசுக்களின் அறைக்குச் சொல்லப்பட்ட வரம்பு 50 டெசிபல். முழு ஒலியில், ஓரடி தூரத்தில், எல்லாக் கருவிகளும் அவ்வரம்பைக் கடந்தன. மூன்று கருவிகள் 85 டெசிபலையும் மீறின. அது, எட்டு மணி நேரம் கேட்கும் தொழிலாளியின் காதுக்கே கேடு என்று எண்ணப்படும் அளவு.

ஆகையால் தாய்மார்களே, கைபேசியைத் தொட்டிலில் வைக்காதீர்கள். தூரத்தில், மெல்லிய ஒலியில் வைத்து, பிள்ளை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதனினும் மேலானது உங்கள் தாலாட்டே. பிள்ளையின் கண் செருகச் செருகத் தாய் தன் குரலைத் தாழ்த்துவாள், உறங்கியபின் நிறுத்துவாள். கருவிக்கு அந்தப் பக்குவம் தெரியாது.

3. கருவியின்றிப் பெரியவர்கள் இளைப்பாற வழியுண்டா?

உண்டு. 1931-ல் பம்பாயில் பிறந்த சேசு சபைக் குரு அந்தோணி டி மெல்லோ, 1978-ல் வெளிவந்த ‘சாதனா’ என்னும் நூலில், சுற்றிலுமுள்ள ஓசைகளைக் கேட்பதையே ஒரு பயிற்சியாகக் கற்பித்தார். அவருடைய சில கருத்துக்களைக் குறித்து 1998-ல் ரோமாபுரியிலிருந்து எச்சரிப்பு வந்ததுண்டு. காதுகொடுத்துக் கேட்கும் இந்த எளிய பழக்கத்தில் இடறல் ஒன்றுமில்லை.

முதுகை நிமிர்த்தி அமருங்கள். கண்களை மூடுங்கள். முதலில் தூரத்து ஓசை, பிறகு தெருவோசை, பிறகு வீட்டு மின்விசிறி, கடைசியாக உங்கள் மூச்சு: இவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இது நல்ல ஓசை, இது கெட்ட ஓசை என்று தீர்ப்பிட வேண்டாம். ஹாரன் ஒலித்தால் அதையும் கேட்டு விட்டுவிடுங்கள். ஓசையோடு சண்டையிடும் மனமே அதிகம் களைத்துப்போகிறது.

4. எப்போது செய்யலாம்?

இரவில் குடும்ப செபத்திற்கு முன், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, என்னென்ன கேட்டது என்று விசாரியுங்கள். ஓசையைக் கவனித்துக் கேட்கப் பழகியவன், வீட்டார் பேசும்போதும் செவிகொடுப்பான். பல வாரங்களாகத் தூக்கமில்லாதவர்களும், காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்களும் இதோடு நின்றுவிடாமல் மருத்துவரை அணுகக் கடவார்கள்.