வைக்கோற் சுவரும் வீட்டுக்கடன் கணக்கும்

மும்பையில் பல்லாண்டுகள் உழைத்தவர், பணிக்காலம் முடியும் தறுவாயில் சொந்த ஊரில் ஒரு வீடு கட்ட விரும்புவது இயல்பே. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் நம் வாடிக்கையாளர் பலர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள பூர்வீக மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு வருகின்றனர். அவர்கள் கொண்டுவரும் மதிப்பீட்டில் கம்பி, சிமெண்டு, மணல், கூலி ஆகிய அனைத்தும் ஒழுங்காக இருக்கும். சித்திரை மாதத்து நண்பகலில் அவ்வீட்டினுள் அமர முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடம் இராது. அதற்கான விடை, குடிபுகுந்த பின் மின்கட்டணமாக வந்து சேரும். ஓய்வூதியத்தை நம்பி வாழ்வோருக்கு அது சிறு தொகையன்று.

வீட்டினுள் வெப்பம் புகாமல் தடுக்க உலகில் சிலர் கண்ட வழிகளுள் ஒன்று, வைக்கோற் கட்டுகளால் சுவர் எழுப்புதல். அது நமக்கு எவ்வளவு பொருந்தும், அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கே காண்போம்.

நூறாண்டு கடந்த வைக்கோல் வீடு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் பகுதியில் குடியேறியவர்களுக்கு வீடு கட்டப் போதிய மரம் கிடைக்கவில்லை. புல்லையும் வைக்கோலையும் இறுக்கிக் கட்டும் இயந்திரங்கள் அக்காலத்தில் வந்திருந்தன. அக்கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி, இருபுறமும் பூசி வீடாக்கினர். பிரான்சின் மோந்தார்ஜி நகரில் 1920-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய வைக்கோல் வீடு இன்றும் நிற்கிறது. ஈரப்பதம் மிகுந்த அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1930-களில் எழுந்த பர்ரிட் மாளிகையின் சுவர்களுக்குள்ளும் வைக்கோற் கட்டுகள் உள்ளன. அது இப்போது அருங்காட்சியகம். 2005-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் வட பாகிஸ்தானிலும் குறைந்த செலவில் இத்தகைய வீடுகள் கட்டப்பட்டன. அவ்வகை வீடொன்று 2009-இல் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் அதிர்வு மேடையில் வைத்துச் சோதிக்கப்பட்டபோது, இடிந்து விழாமல் தாங்கியது.

வெப்பம் எவ்வாறு தடுக்கப்படுகிறது?

வைக்கோலின் தாள்களுக்குள்ளும் அவற்றின் இடையிலும் காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெப்பங்கடத்தும் திறனை எண்ணால் குறித்தால், கான்கிரீட்டுக்கு 1.5-க்கு மேல், செங்கல்லுக்கு ஏறத்தாழ 0.8, வைக்கோற் கட்டுக்கு ஏறத்தாழ 0.06. எண் குறையக் குறையத் தடுப்பு மிகுதி. தீப்பற்றுமோ என்ற அச்சம் எழலாம். உதிரி வைக்கோல் விரைவில் எரியும். எனவே கட்டுமானத்தின்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இறுக்கிக் கட்டி, மண்ணோ சுண்ணாம்போ தடிமனாகப் பூசிய சுவரில் காற்றோட்டம் இல்லாமையால் தீ எளிதில் பரவாது.

மும்பைக்கு ஏன் பொருந்தாது?

முதற்காரணம் மழை. ஊரில் வைக்கோற்படப்பு வைத்தவர்கள் அறிவர்: நனைந்த வைக்கோல் உள்ளே சூடேறி மக்கிவிடும். சுவரில் வைக்கும் கட்டின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மும்பையில் இதைக் காப்பது கடினம்.

இரண்டாவது காரணம் இடம். 10 அடிக்கு 10 அடி அறைக்கு முக்கால் அடிச் செங்கற்சுவர் எழுப்பினால் மொத்தம் 132 சதுர அடி போதும். ஒன்றரை அடி வைக்கோற்சுவர் எழுப்பினால் 169 சதுர அடி தேவை. மாட்டுங்காவில் 37 சதுர அடியைச் சுவருக்குக் கொடுக்க எவரும் முன்வரார்.

ஊரில் கட்டலாமா?

வறண்ட தென்மாவட்டங்களில் மனைக்கும் பஞ்சமில்லை, மழையும் குறைவு. ஆயினும் அடித்தளத்தை உயர்த்துதல், கூரையை வெளியே நன்கு நீட்டுதல், கறையானையும் எலியையும் தடுத்தல் ஆகியவை கட்டாயம். இதில் பழகிய கொத்தனார் கிடைப்பதும் அரிது. கடன் பெறுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: வங்கி, அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளர் சான்று, கட்டடத்தின் ஆயுள், காப்பீடு ஆகியவற்றைப் பார்த்தே தொகை வழங்கும். வழக்கத்தில் இல்லாத முறையில் கட்ட எண்ணுவோர், அடிக்கல் இடுவதற்கு முன்பே கிளை மேலாளரையும் மதிப்பீட்டாளரையும் கலந்துகொள்வது நன்று. பாதி எழுந்த சுவருக்கு அடுத்த தவணை கிடைக்காமற் போவது பெருந்துயர்.

ஆகவே, நம்மில் பெரும்பாலோருக்கு வைக்கோல் வீடு ஏற்றதன்று. அதன் தத்துவம் ஏற்றது. வெயிலுக்கும் அறைக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தாத ஒன்று இருக்க வேண்டும் என்பதே அத்தத்துவம். தனித்தள வீட்டில் அது முதலில் வேண்டிய இடம் மேல்தளம்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, கூரை வழியே உள்ளே வரும் வெப்பத்திற்கு ஓர் உச்ச வரம்பு விதிக்கிறது: ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் 15 செ.மீ. கான்கிரீட் தளத்தில் இது 3-ஐத் தாண்டும். அவ்விதி பெரிய மனைகளுக்கானதே எனினும், அளவுகோல் அனைவருக்கும் உதவும். தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பலகை பதித்து, அதன்மேல் தட்டோடு பாவலாம். வெயிலைத் திருப்பும் வெண்பூச்சு அடிக்கலாம். மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் இறக்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இதற்குக் கூடுதலாக 25,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அதையும் வீட்டுக்கடனில் சேர்த்தால், 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 217 ரூபாய் உயரும். மின்சாரம் யூனிட்டுக்கு 7 ரூபாய் எனில், இது மாதம் 31 யூனிட்டுக்குச் சமம். அதாவது நாளொன்றுக்கு ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரம் அவ்வளவே. ஆண்டில் ஆறு மாதமே ஏ.சி. ஓடுமெனில், அம்மாதங்களில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் குறைந்தாலே தவணை ஈடாகிவிடும். கடன் முடிந்த பின்னும் சேமிப்புத் தொடரும்.

வட்டியும் மின்கட்டணமும் ஆளுக்கு ஆள் மாறும். கணக்கிடும் முறை மாறாது. அடுத்த முறை மதிப்பீடு தயாரிக்கும்போது, மேல்தள வெப்பத்தடுப்பு என ஒரு வரியைப் பொறியாளரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். தளம் போட்ட பின் நினைவுக்கு வந்தால் செலவு கூடும்; மதிப்பீட்டிலேயே இருந்தால் கடனிலும் இடம் பெறும்.