தம் கட்டி மூழ்குவோர் கற்கும் பௌதிகம்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பாசனக் கிணற்றில் ‘தம் கட்டும்’ போட்டி நடக்கும். படியில் நிற்பவர்கள் உரக்க எண்ணுவார்கள். ஒரு நாள் ஒருவன் தொண்ணூறைத் தாண்டியும் மேலே வரவில்லை. ஜெயித்துவிட்டான் என்று கைதட்டினோம். பம்புசெட் அருகே நின்ற பெரியவர் ஒருவர் வேட்டியோடு குதித்து அவனைத் தூக்கி வந்தார். அவன் நினைவிழந்திருந்தான், நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். மூழ்குவதற்கு முன் அவன் இருபது முப்பது முறை வேகவேகமாக மூச்சு வாங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஆபத்து அதில்தான் இருந்தது என்பது வெகு காலம் கழித்தே எனக்கு விளங்கிற்று.

காற்றுக்கலம் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குவது இன்று பல நாடுகளில் ஒரு விளையாட்டு. அதற்கென உள்ள சங்கங்களில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் தொல்லை தருவது நுரையீரல் அன்று, காதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுகிறது. நுரையீரலில் 6 லிட்டர் காற்றோடு இறங்குபவரைப் பாயில் விதியில் வைத்துப் பாருங்கள். 10 மீட்டரில் அது 3 லிட்டர். 20 மீட்டரில் 2. 30 மீட்டரில் 1½. பெரிய மாற்றம் முதல் பத்து மீட்டரிலேயே நடந்துவிடுகிறது! நடுச்செவிக் காற்றும் இப்படியே சுருங்குவதால் செவிப்பறை உள்நோக்கி வளைகிறது. இரண்டு மீட்டரிலேயே வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து செல்லும் குழல் திறந்து காற்று உள்ளே போகும். திறக்காவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். முரட்டுத்தனமாக ஊதினால் செவிப்பறை கிழியலாம்.

முழுவதும் மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்று சுமார் 1½ லிட்டர்தான். எனவே 30 மீட்டருக்குக் கீழே மார்புக்கூடு நசுங்கிவிடும் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1968-இல் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் கிராஃப்ட் 73 மீட்டர் வரை சென்று திரும்பினார். கைகால்களிலிருந்து இரத்தம் மார்புக்குள் வந்து, காற்று விட்ட இடத்தை நிரப்புவதை அவரைச் சோதித்தவர்கள் கண்டனர். 1976-இல் ழாக் மையோல் 100 மீட்டரைத் தொட்டார்.

இனி, அந்தக் கிணற்றுக்கு வருவோம். மூச்சு முட்டுகிறது என்று நமக்கு முக்கியமாக உணர்த்துவது ஆக்சிஜன் குறைவு அன்று; சேரும் கரியமில வாயுவே. வேகவேகமாக மூச்சு வாங்கினால் இந்த வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜனோ பெரிதாகக் கூடாது. ஏனெனில் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஏற்கெனவே நூற்றுக்கு 97 பங்கு நிறைந்திருக்கிறது. எரிபொருள் கூடவில்லை, எச்சரிக்கை மணியை மட்டும் கழற்றிவிட்டோம்! மணி அடிக்கும் முன்பே மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது.

ஆழத்திலிருந்து மேலே வருபவருக்கு இன்னொரு பொறியும் உண்டு. 10 மீட்டரில் நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 8 விழுக்காடு இருப்பதாகக் கொள்வோம். அங்கே அதன் பகுதி அழுத்தம் 2 × 0.08, அதாவது 0.16 வளிமண்டலம், சமாளிக்கலாம். நீர்மட்டத்தில் அதுவே 0.08. ஆகவே கடைசிச் சில மீட்டர்களிலும், தலை வெளியே வந்த பின்னும் மயக்கம் வரக்கூடும்.

அதனால்தான் இச்சங்கங்களில் ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கவனிக்கிறார். வந்தவர் மூச்சு வாங்கிய பின்னும் அரை நிமிடம் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நீச்சல்குளத்தில் அசையாமல் மிதந்து பழகுபவரைத் தோழர் அவ்வப்போது தொடுவார். அவர் விரலை அசைத்துப் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் உடனே தூக்கிவிடுவார். எங்கள் கிணற்றில் எண்ணத்தான் ஆள் இருந்தது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டி இறங்கி முத்துக்குளித்தவர்களும் இருவர் இருவராகவே தொழில் செய்தார்கள். ஒருவர் இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். கயிற்றைப் பிடிக்கப் படகில் தனி ஆள் இருந்தார்.

ஒரு கணக்கு: 20 மீட்டர் ஆழத்தில் ஒருவரின் நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 7 விழுக்காடு. அங்கே அதன் பகுதி அழுத்தம் என்ன? நாம் கரையில் சுவாசிக்கும் காற்றில் அது எவ்வளவு? இரண்டையும் ஒப்பிட்டு, அவர் ஏன் அங்கே சுகமாக உணர்கிறார் என்று எழுதுங்கள். அவர் மேலே வரும்போது என்ன ஆகும் என்பதையும் சேர்த்து.